சின்ன கம்ப்ரசரில் கூடுதல் காற்று: ஹோஸில் தொடங்கி புல்லியில் முடியுங்கள்

வீட்டுப் பட்டறையில் 2 ஹெச்.பி. பெல்ட் கம்ப்ரசர், 100 லிட்டர் டேங்க். பெயின்ட் கன்னை நான்கு தடவை இழுத்ததும் தெளிப்பு புள்ளி புள்ளியாக விழுகிறது. சாண்டர் சுற்றத் தொடங்கி அரை நிமிடத்தில் சோர்ந்துவிடுகிறது. உடனே பெரிய புல்லி போடலாமா, பெரிய மோட்டார் வாங்கலாமா என்றுதான் மனம் போகும். அந்த இரண்டும் கடைசிப் படிகள். காற்று குறைவதற்கான காரணம் பெரும்பாலும் டேங்குக்கும் டூலுக்கும் நடுவில் இருக்கிறது. அடுத்தபடியாக, சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள வால்வு பிளேட்டில் இருக்கிறது. அங்கே தொலைகிற காற்றை மீட்காமல் பம்பை வேகமாகச் சுற்றினால் கூடுவது சூடும் கரன்ட் பில்லும்தான்.

இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்வது ஒற்றைக் கட்டம் (சிங்கிள் ஸ்டேஜ்), இரண்டு சிலிண்டர், 65 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 46 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), நிமிடத்துக்கு 720 சுற்றில் ஓடும் பம்ப். உங்கள் மெஷினின் அளவு வேறாக இருக்கலாம். கணக்குப் போடும் முறை ஒன்றுதான். மோட்டாரோடு நேரடியாக இணைந்த, எண்ணெய் இல்லாத 24 லிட்டர் வகையில் புல்லியே கிடையாது. அந்த மெஷினுக்குக் கீழே வரும் ஹோஸ், கசிவு, பிரஷர் சுவிட்ச் பகுதிகள் மட்டும் பொருந்தும்.

முதலில் அளந்து எழுதி வையுங்கள்

பெட்டியில் அச்சடித்திருக்கும் சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று) பெரும்பாலும் பிஸ்டன் இடப்பெயர்ச்சி, அதாவது பிஸ்டன் நகரும் இடத்தின் கொள்ளளவு. நம் உதாரண பம்ப் ஒரு சுற்றுக்கு 305 மி.லி. இழுக்கிறது, 720 சுற்றுக்கு நிமிடத்துக்கு 220 லிட்டர், அதாவது 7.8 சி.எஃப்.எம். ஆனால் அவ்வளவும் டேங்குக்குப் போகாது. பிஸ்டன் மேலே வந்து நின்ற பிறகும் தலைக்கு அடியில் கொஞ்சம் அழுத்தக் காற்று மிஞ்சுகிறது. பிஸ்டன் இறங்கும்போது முதலில் இந்த மிச்சக் காற்று விரிகிறது. அது விரிந்து முடிந்த பிறகுதான் புதுக் காற்று உள்ளே வரும். 7 கிலோ அழுத்தத்தில் (கிலோ என்றால் இங்கே சதுர செ.மீ.க்கு இத்தனை கிலோ) நல்ல நிலையில் உள்ள சின்னப் பம்ப் தருவது இடப்பெயர்ச்சியில் 65 முதல் 75 சதவீதம் மட்டுமே.

உண்மையான காற்றை அளக்க ஒரு வாட்ச் போதும். அவுட்லெட் வால்வை மூடிவிட்டு மெஷினை ஓட விடுங்கள். கேஜ் முள் 5 கிலோவைத் தொடும்போது நேரத்தைப் பிடித்து, 7 கிலோவில் நிறுத்துங்கள். டேங்க் லிட்டரை இரண்டால் பெருக்கி நிமிடத்தால் வகுத்தால் விடை வந்துவிடும். 100 லிட்டர் டேங்க் 80 விநாடியில் ஏறினால் 200 லிட்டரை 1.33 நிமிடத்தால் வகுக்க 150 லிட்டர், அதாவது 5.3 சி.எஃப்.எம். (ஒரு சி.எஃப்.எம். என்பது 28.3 லிட்டர்.) டேங்கில் இருக்கும் காற்று சூடாக இருப்பதால் இந்த அளவு உண்மையைவிடக் கொஞ்சம் கூடவே காட்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அது குறையில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதே சோதனையை, மெஷின் இதே அளவு சூடாக இருக்கும்போது செய்யுங்கள். எண் அசையாவிட்டால் அந்த வேலை பம்பின் காற்றைக் கூட்டவில்லை என்று பொருள்.

அடுத்து கசிவு. டேங்கை 7 கிலோவுக்கு ஏற்றி, சுவிட்சை அணைத்து, பத்து நிமிடம் விடுங்கள். 6 கிலோவுக்கு இறங்கினால் 100 லிட்டர் போய்விட்டது. நிமிடத்துக்கு 10 லிட்டர். மெஷின் சூடாக இருந்தால் ஆறுவதாலும் கொஞ்சம் இறங்கும், அதனால் அரை மணி நேரம் ஆறவிட்டுப் பிறகு கணக்கெடுங்கள். சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் ஒவ்வொரு மரையிலும் பூசுங்கள்: டிரெயின் காக், சேஃப்டி வால்வின் அடி, கேஜ், பிரஷர் சுவிட்சுக்குப் போகும் குட்டி டியூப், கப்ளர் (ஹோஸைச் சட்டென்று மாட்டிக் கழற்றும் இணைப்பு). ஒரு மி.மீ. ஓட்டை 7 கிலோவில் 2 முதல் 2.5 சி.எஃப்.எம். தின்றுவிடும். நம் மெஷின் தருவதில் ஏறக்குறைய பாதி அது.

சுவிட்ச் அணைந்த பிறகும் பிரஷர் சுவிட்சின் அடியிலிருந்து 'உஸ்' சத்தம் நிற்காமல் வருகிறதா? பலர் பிரஷர் சுவிட்சையே மாற்றிவிடுவார்கள். குற்றம் அதனுடையது அல்ல. பம்புக்கும் டேங்குக்கும் நடுவே உள்ள என்.ஆர்.வி. (காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) மூடவில்லை, டேங்கின் காற்று திரும்பி வந்து அன்லோடர் (மோட்டார் நின்றதும் பம்பின் அழுத்தத்தை வெளியே விடும் குட்டி வால்வு) வழியே வெளியேறுகிறது. டேங்கை முழுக்கக் காலிசெய்து என்.ஆர்.வி.யின் தலையைத் திறந்தால், சீலுக்கு அடியில் கரித்துண்டோ டெஃப்லான் டேப்பின் நூலோ மாட்டியிருக்கும். துடைத்துப் போட்டாலே பாதி மெஷின்களில் சரியாகிவிடும். ரப்பர் கெட்டியாகியிருந்தால் புது சீல் போடுங்கள்.

ஹோஸும் கப்ளரும்

டேங்கில் 7 கிலோ இருக்கும். கன்னின் வாயில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. T வடிவ இணைப்பில் சின்ன கேஜைப் பொருத்தி, டூலின் அடியிலேயே மாட்டுங்கள். ட்ரிகரை அழுத்திப் பிடித்துக்கொண்டே கேஜைப் பாருங்கள். ட்ரிகரை விட்ட நிலையில் தெரியும் அளவால் பயனில்லை. காற்று ஓடாதபோது எந்த ஹோஸிலும் அழுத்தம் குறையாது.

சுருள் சுருளாக வரும் 8 மி.மீ. பி.யு. (பாலியூரித்தேன்) ஹோஸின் உள்விட்டம் 5 மி.மீ.தான். 10 மீட்டர் நீளத்தில், 10 சி.எஃப்.எம். இழுக்கும் டூலுக்கு இந்த ஹோஸில் மட்டுமே மூன்றரை கிலோ அழுத்தம் தொலைகிறது. உள்விட்டம் 8 மி.மீ. உள்ள ஹோஸாக மாற்றினால் அதே காற்றுக்கு இழப்பு ஏறக்குறைய 0.35 கிலோ. குழாயில் இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்மாறாகப் போவதால்தான் 3 மி.மீ. வித்தியாசம் பத்து மடங்காகத் தெரிகிறது. கடையில் 'எட்டு எம்.எம். ஹோஸ்' என்று கேட்டால் வெளிவிட்டத்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். 'உள்ளே எட்டு, வெளியே பன்னிரண்டு' என்று சொல்லிக் கேளுங்கள்.

ஹோஸை மாற்றிவிட்டு வழியில் பழைய கால் இன்ச் கப்ளரையே விட்டால் பாதிப் பயன்தான். விலை குறைந்த கப்ளரைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: நடுத் துளை 4 மி.மீ. அளவுகூட இல்லாமல், ஸ்பிரிங்கும் உள்ளே உள்ள வால்வும் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். 'ஹை ஃப்ளோ' கப்ளரில் துளை 7 மி.மீ.க்கு மேல் இருக்கும். டேங்கின் வாயில் ஒன்று, டூலில் ஒன்று. நடுவில் வேறெதுவும் வேண்டாம். ரெகுலேட்டர் கால் இன்ச் குட்டி வகை என்றால் அதை அரை இன்ச்சுக்கு மாற்றுங்கள். கன்னின் அடியில் மாட்டும் பிளாஸ்டிக் குட்டி ஃபில்டர் பெயின்டர்களுக்குப் பிடித்த பொருள், ஆனால் அழுத்தத்தைப் பறிக்கும். ஈரத்தைப் பிடிக்க நினைத்தால் டேங்க் பக்கத்தில் பெரிய ஃபில்டராகப் போடுங்கள்.

இந்தப் பகுதிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். மோட்டார் மாற்றும் யோசனையோடு வந்த பலருக்கு வேலை இத்துடன் முடிந்துவிடும்.

பம்ப் மூச்சு வாங்கும் வழி

இன்டேக் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, தூசி பறக்காத நேரத்தில், 5-லிருந்து 7 கிலோ சோதனையை ஒருமுறை ஓட்டுங்கள். ஃபில்டரோடு 80 விநாடி, இல்லாமல் 74 என்றால் ஃபில்டரே அடைப்பு. ஸ்பான்ஜ் போட்ட குட்டி ஃபில்டருக்குப் பதிலாக மடிப்புக் காகித எலிமென்ட் உள்ள பெரிய ஃபில்டரை வைக்கலாம். பைக்கின் ஃபில்டரையே பொருத்துபவர்கள் உண்டு. மரை சரியாக உட்கார்ந்து, பக்கவாட்டில் காற்று புகாமல் இருந்தால் அதுவும் நல்ல வேலைதான். ஃபில்டர் இல்லாமல் மட்டும் தொடர்ந்து ஓட்டாதீர்கள். மரத்தூளும் கிரைண்டர் பொடியும் ரிங்கைத் தின்றுவிடும்.

சூடான காற்று மெலிந்த காற்று. இன்டேக்கில் ஒவ்வொரு 3 டிகிரி கூடும்போதும் உள்ளே போகும் காற்றின் நிறை ஒரு சதவீதம் குறைகிறது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அடியில் மே மாதம் 45 டிகிரி, வெளியே நிழலில் 36 என்றால் 3 சதவீதம் சும்மா போகிறது. ஒரு இன்ச் குழாயை ஒன்றரை மீட்டருக்குள் வைத்து நிழலான பக்கத்துக்கு இழுத்தால் போதும். அதைவிட நீளம் வேண்டுமென்றால் ஒன்றேகால் அல்லது ஒன்றரை இன்ச் குழாய் போடுங்கள். இன்டேக் குழாய்க்கு பி.வி.சி. போடலாம், அங்கே அழுத்தம் இல்லை. அழுத்தம் உள்ள பக்கத்தில் பி.வி.சி. கூடவே கூடாது. அது விரிசலோடு நிற்காது, சில்லு சில்லாக வெடித்துச் சிதறும்.

மெஷின் ஓடும்போது இன்டேக் வாயில் உள்ளங்கையை அரை இன்ச் தள்ளிப் பிடியுங்கள். உள்ளே இழுப்பது மட்டும் தெரிந்தால் நல்லது. ஒவ்வொரு இழுப்புக்கும் இடையே கையில் மெல்லிய ஊதல் பட்டால் சக்ஷன் ரீட் (காற்றை உள்ளே விட்டு மூடும் மெல்லிய தகடு) சரியாக உட்காரவில்லை. இரண்டு சிலிண்டரில் ஒன்று மட்டும் இப்படிச் செய்தால், அந்தப் பக்க ஹெட் மற்றதைவிட வெளிப்படையாக அதிகம் சூடாகும்.

வால்வு பிளேட்டைத் திறப்பது

இதில்தான் பழைய மெஷின்களின் காற்று ஒளிந்திருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகச் செய்யுங்கள்.

பிளக்கைப் பிடுங்குங்கள். டேங்கைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். மெஷின் முழுக்க ஆறட்டும். ஒற்றைக் கட்டப் பம்பில் வெளிவரும் காற்று 150 டிகிரியைத் தாண்டும், செம்புக் குழாய் அரை மணி நேரம் கழித்தும் கையைச் சுடும். டெலிவரி குழாயின் நட்டைக் கழற்றி, ஹெட் போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். ஹெட், கேஸ்கட், வால்வு பிளேட், கேஸ்கட் என்று வெளிவரும். எடுக்கும்போதே எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று மார்க்கரால் எழுதிக்கொள்ளுங்கள். செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

டெலிவரி பக்க ரீடைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். கறுப்பு வார்னிஷ் போல வழவழப்பாக இருந்தால் சாதாரணம். நகத்தால் சுரண்டினால் உதிரும் கெட்டிக் கரி என்றால் தவறான எண்ணெய், அதிகச் சூடு, அல்லது தேய்ந்த ரிங் மூன்றில் ஒன்று காரணம். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டாதீர்கள். சீட்டில் ஒரு கீறல் விழுந்தாலே அது நிரந்தரக் கசிவு. இரவு முழுக்க டீசலில் ஊறவிட்டுப் பித்தளை பிரஷ்ஷால் தேயுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் ஒட்டக் காயவிடுங்கள். டீசல், பெட்ரோல் ஈரத்தோடு மாட்டி ஓட்டினால் சூடான அழுத்தக் காற்றில் அந்த ஆவி தீப்பிடிக்கலாம்.

ரீட் தகட்டைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஓரம் தூக்கி நின்றாலோ, மயிரிழை விரிசல் தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். நிமிர்த்தி வளைத்துப் பயன்படுத்தினால் சில மணி நேரத்தில் ஒடிந்து சிலிண்டருக்குள் விழும். பிளேட்டின் சீட் மங்கியிருந்தால், கண்ணாடி மேல் 400 எமரி ஷீட்டைத் தண்ணீரோடு ஒட்டி, எட்டு வடிவில் மெதுவாகத் தேய்த்து, பிறகு 600-ல் முடியுங்கள். ரீடைப் போட்ட பிறகு பிளேட்டைக் கவிழ்த்துத் துளையில் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் லேசான ஈரம் படரலாம், சொட்டக் கூடாது. பார்த்து முடித்ததும் திரும்பக் கழுவிக் காய வையுங்கள்.

கேஸ்கட்டில் பலர் ஏமாறுகிறார்கள். ஒரிஜினல் கிடைக்கவில்லை என்று தடித்த ஷீட்டில் வெட்டிப் போடுவார்கள். 65 மி.மீ. போரில் கேஸ்கட் ஒரு மி.மீ. கூடினால், பிஸ்டன் மேலே மிச்சக் காற்று தங்கும் இடம் 3.3 மி.லி. கூடுகிறது. சிறியதுதானே என்று தோன்றும். ஆனால் 7 கிலோவில் அடங்கிய அந்தக் காற்று பிஸ்டன் இறங்கும்போது ஐந்து மடங்குக்கு மேல் விரிகிறது. புதுக் காற்றுக்கான இடத்தில் அவ்வளவு போய்விடுவதால், பம்ப் தரும் காற்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். 'ஹெட் ஓவர்ஹால் செய்த பிறகு காற்று குறைந்துவிட்டது' என்றால் முதலில் கேஸ்கட் தடிமனைப் பாருங்கள். மெல்லியதாக வெட்டிப் போட்டுக் காற்றைக் கூட்டலாம் என்றும் நினைக்க வேண்டாம். பிஸ்டன் சூட்டில் நீண்டு ரீடை அடிக்கும். பழைய கேஸ்கட்டின் தடிமனை அழுந்தாத மூலையில் கேலிப்பரால் அளந்து, அதே அளவில் சூடு தாங்கும் ஷீட்டில் வெட்டுங்கள்.

மாட்டும்போது 8 மி.மீ. போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் மூன்று சுற்றாக, கடைசியில் 20 முதல் 25 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். அரை மணி நேரம் ஓட்டி, முழுக்க ஆறிய பிறகு இன்னொரு முறை அதே டார்க்குக்குப் பாருங்கள்.

வால்வு சரியாகியும் விநாடி குறையவில்லை, கிராங்க்கேஸ் பிரீதரில் (எண்ணெய் அறையின் மூச்சுத் துளையில்) புகை மாதிரி எண்ணெய் ஆவி புஸ்புஸ்ஸென்று வருகிறது என்றால் ரிங் தேய்ந்துவிட்டது. ரிங் செட் மாற்றும்போது சிலிண்டரையும் லேத் பட்டறையில் காட்டி ஹோனிங் (உள்சுவரை லேசாகச் சொரசொரப்பாக்குவது) போட்டு வாங்குங்கள். கண்ணாடி போல மெருகேறிய போரில் புது ரிங் உட்காராது.

எண்ணெய்க்கு ஒரு வரி: வி.ஜி. 100 கம்ப்ரசர் எண்ணெய், சைட் கிளாஸில் நடு வட்டம் வரை. பைக்குக்கு ஊற்றும் 20 டபிள்யூ 40-ல் இருக்கும் கழுவும் மருந்துதான் ரீடில் கரியாகப் படிகிறது.

பிரஷர் சுவிட்சை இறக்குங்கள்

காற்று வேண்டும் என்றதும் பிரஷர் சுவிட்சை மேலே திருகுவதுதான் கைப்பழக்கம். இந்தப் பம்புக்கு அது நேர் எதிரான வேலை. 10 கிலோவில் இந்த வகைப் பம்ப் இடப்பெயர்ச்சியில் ஏறக்குறைய 65 சதவீதம்தான் தரும். 7 கிலோவில் 74. பெயின்ட் கன்னுக்கும் சாண்டருக்கும் டூலின் வாயில் 4 முதல் 6 கிலோ போதும். அதனால் ஹோஸை அகலமாக்கிவிட்டுக் கட்-அவுட்டை (மோட்டார் நிற்கும் அழுத்தத்தை) 7-க்கு இறக்கினால், காற்று கூடும், மோட்டாருக்குச் சுமை குறையும், ஹெட் குளிரும். சுவிட்சின் பெரிய ஸ்பிரிங் மொத்த அழுத்தத்தை நகர்த்தும். சின்ன ஸ்பிரிங் கட்-இன்னுக்கும் (மோட்டார் மறுபடி எழும் அழுத்தம்) கட்-அவுட்டுக்கும் உள்ள இடைவெளியை நகர்த்தும். கட்-இன் 5.2 அளவில் இருக்கட்டும். மூடியைத் திறக்கும் முன் மெயின் அணைந்திருக்க வேண்டும். உள்ளே 230 வோல்ட் திறந்த நிலையில் இருக்கிறது. சேஃப்டி வால்வைத் திருகவோ, பெரிய அளவுக்கு மாற்றவோ கூடாது.

புல்லி மாற்றுவது

இதற்கு முன் ஒரு அளவு எடுத்தாக வேண்டும். டாங் டெஸ்டரை (வயரைக் கவ்விக் கரன்ட் அளக்கும் மீட்டர்) ஃபேஸ் வயரில் மட்டும் மாட்டி, கேஜ் முள் கட்-அவுட்டைத் தொடுவதற்குச் சற்று முன் கரன்ட்டைப் பாருங்கள். அந்த நேரத்தில்தான் சுமை உச்சம். மோட்டார் பிளேட்டில் 11 ஆம்பியர் என்று இருந்து, டாங் டெஸ்டர் 9 காட்டினால், வேகம் கூட்ட இடம் இருக்கிறது. ஏற்கெனவே 10.5 காட்டினால் புல்லியைத் தொடாதீர்கள். ஒரே அழுத்தத்தில் சுமை, வேகத்துக்குச் சமமாக ஏறும்.

நம் உதாரணத்தில் மோட்டார் புல்லி 6 இன்ச், பம்பின் ஃப்ளைவீல் 12 இன்ச், மோட்டார் 1440 சுற்று. 7 இன்ச் போட்டால் பம்ப் 840 சுற்று. காற்று 150-லிருந்து 175 லிட்டராக, அதாவது 6.2 சி.எஃப்.எம். ஆகும். கரன்ட் 9-லிருந்து 10.5 அருகே வரும். 8 இன்ச் போட்டால் 960 சுற்று, கரன்ட் 12, மோட்டார் எரியும். 2 ஹெச்.பி. மோட்டாரிலிருந்து 7 கிலோவில் 7 சி.எஃப்.எம்.முக்கு மேல் எந்தப் புல்லியாலும் வாங்க முடியாது. அது மோட்டாரின் எல்லை.

பம்புக்கும் ஒரு எல்லை உண்டு. கேட்டலாக்கில் அல்லது பிளேட்டில் அதிகபட்சச் சுற்று போட்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் ரீட் மூடுவதற்குள் அடுத்த ஸ்ட்ரோக் வந்துவிடும். அப்போது சுற்று கூடியும் காற்று கூடாது, சூடு மட்டும் கூடும். எண் தெரியாத மெஷினில் 15 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

புல்லியை எடுக்கும் முன் மோட்டார் ஷாஃப்ட்டையும் கீ-யையும் கேலிப்பரால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பெல்ட் ஏ-வா பி-யா என்பது அதன் முதுகிலேயே அச்சடித்திருக்கும். புல்லியும் அதே பிரிவில் இருக்க வேண்டும். ஒரு இன்ச் பெரிய புல்லிக்கு பெல்ட் ஏறக்குறைய ஒன்றரை இன்ச் நீளம் கூட வேண்டும். மோட்டார் பேஸின் ஸ்லாட்டில் 18 மி.மீ. பம்ப் பக்கம் நகர்த்த இடமிருந்தால் பழைய பெல்ட்டே போதும். பழைய புல்லியைச் சுத்தியலால் தட்டி எடுக்காதீர்கள், பேரிங் போய்விடும். புல்லர் போட்டு எடுங்கள்.

மாட்டிய பிறகு நேரான ஒரு கம்பியை ஃப்ளைவீலின் முகத்தோடு வைத்துப் பாருங்கள். இரண்டு புல்லியின் நடுப் பள்ளமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பெல்ட்டின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால், 400 மி.மீ. இடைவெளிக்கு 6 மி.மீ. அளவு தாழ வேண்டும். ஸ்டார்ட் ஆகும்போது கீச்சென்று கத்தினால் தளர்வு. அதற்காக வீணைக் கம்பி மாதிரி இறுக்கினால் பம்பின் பேரிங் முதலில் போகும். ஃப்ளைவீலின் அம்புக்குறி காட்டும் திசையில்தான் சுற்ற வேண்டும். அதன் ஆரங்களே மின்விசிறி, காற்று சிலிண்டரின் மேல் வீச வேண்டும். பெல்ட் கார்டை மாட்டாமல் ஓட்டவே ஓட்டாதீர்கள். பிரஷர் சுவிட்ச் எந்த நொடியில் மோட்டாரை எழுப்பும் என்று யாருக்கும் தெரியாது.

கடைசியாக மறுபடி டாங் டெஸ்டர். சாயங்காலம் லோ வோல்டேஜ் வரும் பகுதியாக இருந்தால் அந்த நேரத்தில் அளங்கள். 230-ல் 10.5 இழுக்கும் மோட்டார் 200 வோல்ட்டில் 12-ஐத் தொடும். வயரும் இதில் பங்கு வகிக்கிறது: மீட்டர் பாக்ஸிலிருந்து 20 மீட்டர் தூரத்துக்கு 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயர் இழுத்திருந்தால், ஸ்டார்ட் ஆகும் நொடியில் 55 ஆம்பியருக்கு 27 வோல்ட் வயரிலேயே போகும். 4 ஸ்கொயர் போட்டால் 10 வோல்ட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கம்ப்ரசரை மாட்டுவதைவிட, கம்ப்ரசரை வீட்டுக்குள் வைத்து ஹோஸை நீட்டுவது நல்லது.

இரண்டாவது டேங்க், இரண்டாவது மெஷின்

டேங்க் காற்றை உண்டாக்காது, சேர்த்து வைக்கும். 10 சி.எஃப்.எம். இழுக்கும் கன்னுக்கு நம் மெஷின் 5.3 தருகிறது, நிமிடத்துக்கு 133 லிட்டர் பற்றாக்குறை. டேங்க் 7-லிருந்து 4.5 கிலோவுக்கு இறங்கும் வரை கையிருப்பு 250 லிட்டர், ஆக 1 நிமிடம் 50 விநாடிக்கு வேலை நடக்கும். இன்னொரு 100 லிட்டர் டேங்க் சேர்த்தால் மூன்றே முக்கால் நிமிடம். ஒரு பைக் டேங்குக்கு ஒரு கோட் அடிக்க அது தாராளம். ஆனால் திரும்ப நிரம்பவும் இரண்டு மடங்கு நேரம் ஆகும், அவ்வளவு நேரம் பம்ப் ஓய்வின்றி ஓடும். மணிக்கணக்கில் சாண்டிங் செய்பவருக்கு இதனால் பயனில்லை. 3 மி.மீ. நாசிலில் சாண்ட் பிளாஸ்ட் செய்ய நினைப்பவர் 18 சி.எஃப்.எம். தேட வேண்டும், இந்த மெஷினை என்ன செய்தாலும் அது வராது.

டேங்க் வாங்கும்போது காற்றுக்கென்றே செய்து, ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) ஆன பிளேட் உள்ளதாகப் பாருங்கள். கேஸ் சிலிண்டர், பழைய டிரம் எதுவும் ஆகாது. உள்ளே துருப்பிடித்த பழைய டேங்கில் வெல்டிங் வைத்து வாய் திறப்பதும் ஆகாது. இரண்டாம் டேங்குக்கும் தனி சேஃப்டி வால்வு, தனி டிரெயின் வேண்டும். இணைப்பு குறைந்தது அரை இன்ச் ஹோஸில்.

தொடர்ந்து 9, 10 சி.எஃப்.எம். வேண்டுமென்றால் இரண்டு வழி. 3 ஹெச்.பி. மோட்டாரும் அதற்கேற்ற பம்பும் வாங்கினால் 9 வரை வரும், ஆனால் சிங்கிள் ஃபேஸில் 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டு 16 ஆம்பியர் சாக்கெட்டில் ஓட்டக்கூடாது. தனி எம்.சி.பி., ஓவர்லோடு ரிலே உள்ள ஸ்டார்ட்டர், ஈ.பி. அனுமதித்த லோடு எல்லாம் பார்க்க வேண்டும். இன்னொரு வழி, பழைய 2 ஹெச்.பி. மெஷின் ஒன்றை வாங்கி, தனி சர்க்யூட்டில் வைத்து, இரண்டு டேங்கின் அவுட்லெட்டையும் ஒரே லைனில் சேர்ப்பது. இரண்டு சுவிட்சின் கட்-இன்னையும் அரை கிலோ தள்ளி வைத்தால் இரண்டும் ஒரே நொடியில் எழாது. சின்ன வேலைக்கு ஒன்று மட்டும் ஓடும், ஒன்று பழுதானாலும் பட்டறை நிற்காது. வீட்டில் இடம் இருந்தால் இரண்டாவதே சிறந்தது.

கூடுதல் காற்றோடு வரும் தண்ணீர்

சென்னை மாதிரி கடலோர ஈரத்தில், 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 24 கிராம் தண்ணீர் இருக்கிறது. நிமிடத்துக்கு 175 லிட்டர் இழுக்கும் பம்ப் ஒரு மணி நேரத்தில் 250 கிராம் தண்ணீரை உள்ளே கொண்டுவருகிறது. அழுத்திக் குளிர்ந்தபின் ஏறக்குறைய 200 மி.லி. டேங்கிலும் லைனிலும் இறங்கும். ஒரு டம்ளர். பெயின்டில் மீன்கண் புள்ளி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். பம்புக்கும் டேங்குக்கும் நடுவே உள்ள குட்டைக் குழாய்க்குப் பதிலாக 3 மீட்டர் அரை இன்ச் செம்புக் குழாயைச் சுருளாக்கி, ஃப்ளைவீல் காற்று படும் இடத்தில் சரிவாக வைத்தால் பெரும்பகுதி டேங்கிலேயே இறங்கிவிடும். அந்த இடத்தில் ரப்பர், பி.யு. ஹோஸ் உருகும். வேலை முடிந்த அன்றன்றே டிரெயினைத் திறந்து, காற்று மட்டும் வரும்வரை விடுங்கள்.

புதுப் புல்லியோடு முதல் 5 மணி நேரம் ஓடியதும் பெல்ட் இறுக்கத்தையும் மோட்டார் பேஸ் போல்ட்டுகளையும் மறுபடி பாருங்கள். புது பெல்ட் கொஞ்சம் நீளும். பிறகு 5-லிருந்து 7 கிலோ சோதனையைச் செய்து, விநாடியையும் தேதியையும் கரன்ட்டையும் பெயின்ட் மார்க்கரால் டேங்கின் மேலேயே எழுதிவிடுங்கள். 69 விநாடி என்று எழுதியது ஒரு வருடத்தில் 78 ஆகிவிட்டால், முதலில் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அதுவும் சுத்தமாக இருந்தால் வால்வு பிளேட்டைத் திறங்கள்.